கால்வாய் வறண்டது, பாலம் நிற்கிறது!

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே ரக்பி என்றொரு நகரம். அதனைச் சுற்றியுள்ள வயல்வெளிகளிலே, புதிதாகப் பார்ப்போரைத் திகைக்கவைக்கும் காட்சி ஒன்று உண்டு. பச்சைப் பசேலென்ற மேய்ச்சல் நிலம். அதன் நடுவே செங்கல்லால் கட்டிய சிறியதொரு பாலம். கூன் விழுந்த முதுகு, ஒற்றை வளைவு, இருபுறமும் கைப்பிடிச் சுவர். பாலம் என்றால் அடியிலே தண்ணீர் ஓடவேண்டுமல்லவா? ஆறு இல்லை, ஓடை இல்லை. நாணலும் முட்புதரும் மண்டிய பள்ளம் ஒன்று மட்டும் பாம்புபோல் வளைந்து வளைந்து செல்கிறது. ஒரு காலத்தில் அது கால்வாய். அதிலே நிலக்கரி சென்றது, பீங்கான் சென்றது, தானியம் சென்றது. இன்று வறண்டு கிடக்கிறது. ஆனால் பாலம் மட்டும் நிற்கிறது!

அரண்மனைகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. கோட்டை கொத்தளங்களைப் பற்றிப் பாடக் கவிவாணர்கள் உண்டு. மாடு கடக்கவும் வைக்கோல் வண்டி கடக்கவும் கட்டப்பட்ட ஒரு பாலத்தைப் பற்றி யார் எழுதுவார்? நாம் எழுதுவோம். அந்தப் பாலத்திற்குப் பின்னாலே ஒரு மனிதனின் வாழ்க்கை இருக்கிறது. பட்டம் பெறாத, பள்ளிப் படிப்பை அறியாத, தன் பெயரைத் தாண்டி எழுதுவதே பெரும்பாடாக இருந்த ஒரு தொழிலாளியின் வாழ்க்கை அது.

முதலிலே அந்தப் பாலம் ஏன் வந்தது என்பதைப் பார்ப்போம்.

ஒரு உழவன் இருக்கிறான். அவன் வீடு இந்தப் பக்கம், மாடு மேயும் நிலம் அந்தப் பக்கம். நடுவே இருந்தது வெறும் வரப்பு. ஒருநாள் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். முளை அடிக்கிறார்கள், கயிறு பிடிக்கிறார்கள், நிலத்தை வெட்டுகிறார்கள். வயலின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கால்வாய் போகிறது. பணக்காரர்களின் சரக்குக்கு வழி பிறந்துவிட்டது. உழவனின் மாட்டுக்கு வழி? நாள்தோறும் மாட்டை நீந்தவிடுவதா? அறுத்த வைக்கோலைத் தலையிலே சுமந்து நாலு மைல் சுற்றிவருவதா?

அங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. கால்வாய் வெட்டப் பாராளுமன்றத்தில் அனுமதிச் சட்டம் வாங்கவேண்டும். எவன் நிலத்தைக் கால்வாய் பிளக்கிறதோ அவனுக்கு அக்கரை செல்ல வழி செய்து தரவேண்டும் என்ற கடமையை அந்தச் சட்டங்கள் கம்பெனியின் தலையிலே ஏற்றின. ஆகவேதான் வயலுக்கு வயல் பாலம் எழுந்தது. ஊர்கூடிச் செல்லும் சாலைப் பாலமல்ல அது. ஒரு பண்ணைக்கு ஒரு பாலம், ஒரு உழவனுக்கு ஒரு வழி! கம்பெனியின் கருணை கட்டிய பாலமல்ல, உழவனின் உரிமை கட்டிய பாலம்!

இப்படிப்பட்ட பாலங்கள் நூற்றுக்கணக்கில் எழக் காரணமாக இருந்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. இங்கிலாந்தின் கால்வாய் யுகத்தைத் தொடங்கிவைத்த தலைமை என்ஜினீயர்.

1716ஆம் ஆண்டு, டெர்பிஷயர் மாவட்டத்திலே டன்ஸ்டெட் என்ற குக்கிராமத்தில் அவர் பிறந்தார். எளிய குடியானவக் குடும்பம். பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் வாய்ப்பு அந்தச் சிறுவனுக்குக் கிட்டவில்லை. தாய் சொல்லிக்கொடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான் அவன் பெற்ற கல்வி. பத்து வயதிலே குடும்பம் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள லீக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. மற்ற பிள்ளைகள் ஏட்டைப் புரட்டிய வயதிலே அவன் வயலிலே வேலை செய்தான். ஓய்ந்த நேரத்தில் கத்தியால் மரத்தைச் செதுக்கி, சின்னஞ்சிறு ஆலைகள் செய்து, ஓடை நீரிலே ஓடவிட்டு வேடிக்கை பார்த்தான் என்று கூறுவார்கள். ஏடு கிடைக்காத கைக்கு மரம் கிடைத்தது. எழுத்து கிடைக்காத கண்ணுக்கு ஓடும் நீர் கிடைத்தது. அதையே அவன் படித்தான்.

பதினேழாம் வயதில், 1733இல், மாக்கிள்ஸ்ஃபீல்டு அருகே சட்டன் என்ற ஊரிலே, ஆபிரகாம் பென்னட் என்ற ஆலைத் தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். அந்நாளில் ஆலைத் தச்சு என்றால் சாமான்யத் தொழிலல்ல. நீர்ச்சக்கரம் செய்யவேண்டும், பற்சக்கரம் பூட்டவேண்டும், மரமும் இரும்பும் கல்லும் அறிந்திருக்கவேண்டும். தண்ணீரின் குணம் தெரிந்திருக்கவேண்டும். இந்த இளைஞனோ முதலிலே தவறுமேல் தவறு செய்து முதலாளியின் வசவைச் சம்பாதித்தான்.

பிறகு ஒரு நிகழ்ச்சி. காகித ஆலை ஒன்றுக்கு இயந்திரம் செய்துதர முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். எப்படிச் செய்வது என்பது அவருக்கே விளங்கவில்லை. வாரக் கடைசி வேலை முடிந்ததும் பிரிண்ட்லி யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டான். இருபது மைலுக்குமேல் நடந்து மான்செஸ்டரை அடைந்தான். அங்கிருந்த காகித ஆலையை உற்றுப் பார்த்தான். குறிப்பு எடுக்கவில்லை, எடுக்கவும் தெரியாது! சக்கரத்திற்குச் சக்கரம், பல்லுக்குப் பல், மனத்திலே பதித்துக்கொண்டு மீண்டும் நடந்தே திரும்பினான். திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்து, முதலாளி செய்திருந்த தவறுகளைத் திருத்தினான். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் இதனைச் சொல்கிறார்கள். அந்நாள் முதல் பட்டறையிலே அவன் வைத்ததே சட்டம் என்றாயிற்று.

1742இல் லீக் நகரிலே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். எந்த இயந்திரம் கெட்டாலும் பிரிண்ட்லியைக் கூப்பிடு என்பது வழக்கமாயிற்று. எதற்கும் ஒரு உபாயம் சொல்பவர் என்று ஊரார் பட்டப்பெயரே வைத்தார்கள். அந்த ஊரிலே அவர் அமைத்த நீராலை இன்றைக்கும் அருங்காட்சியகமாக நிற்கிறது.

அந்த உபாயங்களில் ஒன்றை மட்டும் சொல்வோம். மான்செஸ்டருக்கு அருகே கிளிஃப்டன் என்ற இடத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம், வெள்ளம் புகுந்து பாழாகிக் கிடந்தது. கரி உள்ளே இருக்கிறது, அதை எடுக்க முடியவில்லை. 1752 வாக்கில் பிரிண்ட்லியை அழைத்தார்கள். பக்கத்திலே இர்வெல் ஆறு ஓடுகிறது. சுரங்கத்தைக் கெடுத்தது தண்ணீர், சுரங்கத்தைக் காப்பாற்றவும் தண்ணீரையே ஏவுவோம் என்று அவர் முடிவு செய்தார். ஆற்று நீரைக் குடைவழியாகக் கொண்டுவந்து, ஆற்றுக்கு அடியிலேயே குழாய்போல் இறக்கி மறுபுறம் ஏற்றி, அந்த நீரின் விசையால் சக்கரத்தைச் சுழற்றி, சக்கரத்தால் இறைப்பானை இயக்கி, சுரங்கத்து வெள்ளத்தை வெளியேற்றினார். முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அவர் தண்ணீரைத் தண்ணீரால் எடுத்தார்!

இந்தச் செய்தி ஒரு கோமகனின் காதுக்கு எட்டியது.

பிரிட்ஜ்வாட்டர் கோமகன், ஃபிரான்சிஸ் எகர்ட்டன், அப்போது இருபது வயதைத் தாண்டிய இளைஞர். வொர்ஸ்லி என்ற இடத்தில் அவருக்கு நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. ஏழெட்டு மைலுக்கு அப்பால் வளர்ந்துவரும் மான்செஸ்டர் நகரம். அங்கே அடுப்பெரிக்கக் கரியில்லாமல் ஏழைகள் குளிரிலே நடுங்குகிறார்கள். இங்கே கரி குவிந்து கிடக்கிறது. இடையிலே இருப்பதோ சேறும் சகதியுமான பாதை. மட்டக்குதிரையின் முதுகிலே மூட்டை மூட்டையாகக் கரி போகவேண்டும். போய்ச் சேருமுன் கூலி, கரியின் விலையை ஏற்றிவிடும்.

தண்ணீரிலே மிதக்கவிட்டால்? பாதையிலே ஒரு குதிரை இழுக்கும் வண்டி ஒரு டன் சுமப்பதே பெரிது. அதே குதிரை கரையிலே நடந்து கயிற்றால் இழுத்தால், படகிலே முப்பது டன் அசைந்து வரும். கோமகனின் காரியஸ்தர் ஜான் கில்பர்ட் இதை உணர்ந்தவர். கோமகன் பணத்தையும் பாராளுமன்றச் செல்வாக்கையும் கொண்டுவந்தார். மூளை? அது ஆலைத் தச்சர் பிரிண்ட்லியிடம் இருந்தது. 1759இல் அவர் அழைக்கப்பட்டார்.

கோமகனுக்கும் உரிய பங்கை மறுப்பது நம் நோக்கமல்ல. தன் செல்வம் முழுவதையும் பணயம் வைத்தார். கடன் வாங்கினார். செலவைக் குறைத்து எளிமையாகவே வாழ்ந்தார். ஆனால் துணிவுக்குத் துணையாக அவரிடம் சொத்து இருந்தது. பிரிண்ட்லியின் துணிவுக்குத் துணை, அவருடைய இரண்டு கைகள்தாம்.

கால்வாய் செல்லும் வழியிலே இர்வெல் ஆறு குறுக்கிட்டது. படியிறங்குவதுபோல் மதகு மதகாக ஆற்றுக்கு இறங்கி, மறுகரையிலே மீண்டும் ஏறுவதுதான் வழக்கமான வழி. பிரிண்ட்லி வேறொன்று சொன்னார். ஆற்றின்மேல் கற்பாலம் கட்டுவோம், அந்தப் பாலத்தின்மேல் கால்வாயையே கொண்டுபோவோம்! ஆற்றிலே படகு செல்லும். அதற்கு மேலே, ஏறத்தாழ நாற்பது அடி உயரத்தில், இன்னொரு படகு செல்லும்!

கேட்டவர்கள் சிரித்தார்கள். பெரிய என்ஜினீயர் ஒருவரை அழைத்துக் கருத்துக் கேட்டார்களாம். ஆகாயத்தில் கோட்டை கட்டுவதைக் கேள்விப்பட்டதுண்டு, எங்கே கட்டப் போகிறார்கள் என்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்ற பொருளிலே அவர் கேலி பேசினாராம். படித்தவரின் கேலி! பாராளுமன்றக் குழுவின் முன்னே பிரிண்ட்லி சாட்சி சொல்லப் போனார். வரைபடமா கொண்டுபோனார்? வரைந்து விளக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. பெரிய பாலாடைக் கட்டி ஒன்றை வாங்கி, வெட்டி, அதையே பாலத்தின் மாதிரியாக வைத்துக் காட்டினார் என்றும், களிமண்ணைக் கொண்டுவந்து கனவான்களின் கண்ணெதிரே பிசைந்து தொட்டி செய்து, நீரூற்றி, ஒரு சொட்டும் கசியாமல் நிற்பதைக் காட்டினார் என்றும் கதை சொல்கிறார்கள். கதை எப்படியானாலும், அவர் கையிலிருந்த வித்தை உண்மை. 1761 ஜூலை 17ஆம் நாள், பார்ட்டனில் அந்தத் தொட்டிப் பாலத்தின்மேல் முதல் படகு சென்றது. ஆகாயத்துக் கோட்டையிலே படகு மிதந்தது!

மான்செஸ்டரில் கரியின் விலை பாதியாக இறங்கியது. அடுப்பிலே நெருப்பு ஏறியது. அந்தப் பாலம் 130 ஆண்டுக் காலத்துக்குமேல் நின்றது. அது இடிந்து விழவில்லை. கடற்கப்பல் செல்லும் பெரிய கால்வாய்க்கு இடம் தருவதற்காக 1893இல் அதை இடித்து அகற்றினார்கள்.

களிமண்ணைப் பற்றிச் சொன்னோம். அதைச் சற்று விளக்கவேண்டும், ஏனெனில் கால்வாயின் உயிர் அதிலேதான் இருக்கிறது. வெறும் மண்ணிலே வெட்டிய வாய்க்காலில் நீர் நிற்காது, மண் குடித்துவிடும். களிமண்ணை எடுத்து, மணல் சேர்த்து, நீர்விட்டு, வெட்டிக் கொத்தி, மிதித்து மிதித்துப் பிசைந்து, அடியிலும் கரையிலும் அடுக்கடுக்காகப் பூசவேண்டும். சில இடங்களில் மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டார்கள். ஈரம் காயாதவரை அதிலே நீர் புகாது. நம் குயவர் மண்ணை மிதிப்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதிலே விளங்கும். இதனைப் பிரிண்ட்லி புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சொல்லமாட்டோம். ஆனால் மைல் கணக்கில் கால்வாய்க்கு இதையே கவசமாக்கி நாட்டுக்குக் காட்டியவர் அவர்.

மிதித்தவர்கள் யார்? மண்வெட்டியும் குந்தாலியும் தள்ளுவண்டியும் தவிர வேறு கருவி இல்லாத கூலிக்காரர்கள். மலையை வெட்டியது அவர்கள் தோள். களியைப் பிசைந்தது அவர்கள் கால். அந்த மண்ணையே அச்சிலிட்டுச் சூளையிலே சுட்டுச் செங்கல்லாக்கிப் பாலம் கட்டியது அவர்கள் கை. கோமகனின் பெயர் கால்வாய்க்கு இருக்கிறது. பிரிண்ட்லியின் பெயர் ஏட்டிலே இருக்கிறது. அந்தக் கூலிக்காரர்களின் பெயர்? நாம் எங்கே தேடினாலும் கிடைக்காது. அந்த வயல்வெளிப் பாலத்தின் செங்கல் ஒவ்வொன்றும் பெயரில்லாத ஒருவனின் கையெழுத்து என்றே நாம் கொள்ளவேண்டும்.

கோமகனின் கால்வாய் வெற்றி பெற்றதும் நாடெங்கும் கால்வாய் வேட்கை பிறந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் பீங்கான் தொழில் செய்துவந்த ஜோசையா வெட்ஜ்வுட்டுக்கு அதிலே தனி ஆர்வம். குண்டும் குழியுமான பாதையிலே குலுங்கிப் போனால் பீங்கான் என்னாகும்? பாதி உடைந்து போகும். தண்ணீரிலே போனால் குலுங்காது! டிரென்ட் ஆற்றையும் மெர்சி ஆற்றையும் இணைக்கும் 93 மைல் கால்வாய்க்கு 1766இல் சட்டம் நிறைவேறியது. ஜூலை 26ஆம் நாள் வெட்ஜ்வுட் முதல் மண்ணை வெட்டினார். பிரிண்ட்லிக்கு ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம். அவருடைய மைத்துனர் ஹியூ ஹென்ஷால் வேலைகளின் மேற்பார்வையாளர்.

வழியிலே ஹேர்காசல் குன்று. மதகு கட்டி ஏறமுடியாத உயரம், சுற்றிப் போகமுடியாத அகலம். குடைந்தே தீரவேண்டும் என்றார் பிரிண்ட்லி. 2,880 கஜ நீளம்! அந்நாட்டில் அதுவரை எவரும் நினைத்துப் பார்க்காத நீளம். மேலிருந்து கிணறுகள் வெட்டி, கீழே இறங்கி, இருபுறமும் குடைந்தார்கள். நீர் ஊறியது, பாறை எதிர்த்தது. பதினோரு ஆண்டு பிடித்தது. குகையோ குறுகல். குதிரை நடக்கக் கரை கிடையாது. படகோட்டிகள் மல்லாந்து படுத்து, சுவரையும் கூரையையும் காலால் உதைத்து உதைத்துப் படகைத் தள்ளிச் செல்லவேண்டும். ஒன்றரை மைலுக்குமேல் இருட்டிலே உதைத்துச் செல்லும் அந்த வேலையை நினைத்தால் நமக்கே கால் வலிக்கிறது. மலிவாகப் பீங்கான் வாங்கியவர்கள் அந்தக் கால்களை நினைத்திருப்பார்களா?

டிரென்ட், மெர்சி, செவர்ன், தேம்ஸ் ஆகிய நான்கு பேராறுகளையும் சிலுவைபோல் கால்வாய்களால் பிணைப்பது பிரிண்ட்லியின் பெருங்கனவு. அதற்காக ஸ்டாஃபோர்ட்ஷயர் – வூஸ்டர்ஷயர் கால்வாய், பர்மிங்காம் கால்வாய், கவென்ட்ரி கால்வாய், ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிட்டார். அவர் கைபட்ட கால்வாய்களின் நீளம் மொத்தம் 360 மைலுக்குமேல். ஒரு குதிரையின்மேல் ஏறி, மழையிலும் பனியிலும், மேடும் பள்ளமும் அளந்துகொண்டே திரிந்தார். ஆறுகள் எதற்காகப் படைக்கப்பட்டன என்று பாராளுமன்றக் குழுவிலே ஒருவர் கேட்க, கால்வாய்களுக்கு நீர் ஊட்டத்தான் என்று பதிலளித்தாராம். அவ்வளவு பைத்தியம் அந்த மனிதருக்குக் கால்வாய்மேல்!

தண்ணீர் மேட்டிலே ஏறாது என்பது அவருடைய வேதம். குன்று வந்தால் வெட்டாதே, சுற்று. பள்ளம் வந்தால் தூர்க்காதே, ஓரமாக ஒதுங்கு. ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போ. நீளம் கூடும், ஆனால் மதகு குறையும், செலவு குறையும். இதுதான் அவர் கண்ட வழி. ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் இந்த முறைக்கு எடுத்துக்காட்டு. வளைவுக்கு ஒரு வயல், வயலுக்கு ஒரு பாலம்!

அந்தப் பாலத்தின் அமைப்பையும் பாருங்கள். பாலம் வரும் இடத்தில் கால்வாய் ஒரு படகு செல்லும் அளவுக்கு ஒடுங்கிவிடும். வளைவு சிறிதானால் செங்கல் மிச்சம். படகின் சரக்கு தட்டாமலிருக்க முதுகு உயர்ந்திருக்கும். அடியிலேயே குதிரை நடக்க ஓரப்பாதை இருக்கும். இழுக்கும் கயிறு சிக்காதபடி விளிம்புகள் மழுங்கியிருக்கும். ஆண்டுக்கணக்கில் ஈரக்கயிறு உராய்ந்து உராய்ந்து, அத்தகைய பாலங்களின் மூலைகளில் வரிவரியாகத் தடம் விழுந்திருக்கிறது. கல்லையும் தேய்க்கும் கயிறு! அந்தக் கயிற்றை நாள்தோறும் பிடித்து நடந்தவனின் கை எப்படித் தேய்ந்திருக்கும்!

பிரிண்ட்லி வேலை செய்த விதம் விந்தையானது. சிக்கலான பிரச்சினை வந்தால் எழுதிப் பார்க்கமாட்டார், வரைந்து பார்க்கமாட்டார். படுக்கையிலே போய்ப் படுத்துக்கொள்வார். ஒருநாள், இரண்டு நாள், மூன்று நாள்கூட. விடை கிடைத்ததும் எழுந்துபோய் நேரே வேலையைத் தொடங்குவார். கணக்கும் படமும் அளவும் எல்லாம் தலைக்குள்ளேயே! அவர் வைத்திருந்த சிறு குறிப்பேடுகளிலே எழுத்துப் பிழை மலிந்திருக்கும். பேசுகிறபடியே எழுதுவார். படித்தவர்கள் அதைக் காட்டி நகைத்ததுண்டு. நகைத்தவர்களில் எத்தனை பேர் ஆற்றின்மேல் ஆறு ஓடவிட்டார்கள்?

இங்கேதான் நாம் சற்று நிதானித்துப் பேசவேண்டியிருக்கிறது.

சிலர் சொல்லுவார்கள்: பார்த்தாயா, பள்ளிக்கூடமே போகாதவன் நாட்டையே இணைத்தான், ஆகவே உழைப்பாளி பிள்ளைக்குப் படிப்பு எதற்கு, கைத்தொழில் போதுமே! தேன் தடவிய நஞ்சு இது. இப்படிச் சொல்பவர்கள் தங்கள் பிள்ளைகளை மட்டும் கல்லூரிக்கு அனுப்புவார்கள். பிரிண்ட்லியின் வாழ்க்கை இவர்களுக்குச் சாட்சியல்ல, இவர்களுக்கு எதிரான சாட்சி.

பிறவியாலோ பட்டத்தாலோ அறிவு வருவதில்லை என்பதற்கு அவர் சான்று. ஆம். ஆனால் எழுத்தறிவு மறுக்கப்பட்டதால் அவர் பட்ட துன்பத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும். தலைக்குள் இருந்ததைத் தாளிலே இறக்கமுடியாத காரணத்தால் ஒவ்வொரு வேலைக்கும் அவரே ஓடவேண்டியிருந்தது. ஒரே சமயத்தில் பல கால்வாய்கள், ஒரே உடம்பு! இந்த மனிதர் பிறருக்காக உழைத்துத் தம்மையே அழித்துக்கொள்கிறாரே என்று வெட்ஜ்வுட் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வருந்தினார். 1765இல், 49 வயதிலேதான் அவருக்குத் திருமணமே நடந்தது. மணமகள் ஆன் ஹென்ஷாலுக்கு வயது 19. இரண்டு பெண் குழந்தைகள். குடும்பத்தோடு இருந்த நாட்கள் குறைவு, குதிரைமேல் இருந்த நாட்கள் அதிகம்.

1772 செப்டம்பர். கால்டன் கிளைக்கால்வாய்க்கு நிலம் அளக்கச் சென்றவர் கொட்டும் மழையிலே நனைந்தார். தங்கிய விடுதியிலே ஈரப் படுக்கை. நீரிழிவு நோய் ஏற்கெனவே உடம்பை அரித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டறிந்தவர் மருத்துவர் எராஸ்மஸ் டார்வின், பின்னாளில் உலகறிந்த சார்லஸ் டார்வினின் பாட்டனார். செப்டம்பர் 27ஆம் நாள், டர்ன்ஹர்ஸ்ட் இல்லத்தில் பிரிண்ட்லி கண்மூடினார். வயது 56. வாழ்நாளெல்லாம் தண்ணீருக்கு வழிசொன்னவரை, ஒரு மழை அழைத்துச் சென்றது.

அவர் ஏழையாகச் சாகவில்லை என்பது உண்மை. ஆனால் கோமகனிடமிருந்து வரவேண்டியிருந்த பழைய பாக்கிக்காக அவருடைய மனைவி முறையிட்டுப் பார்த்தும் பலனில்லாமற் போயிற்று என்று வரலாறு எழுதியோர் குறித்திருக்கிறார்கள். கால்வாயாலும் சுரங்கத்தாலும் கோமகன் அந்நாட்டின் பெருஞ் செல்வர்களில் ஒருவராகி 1803இல் மறைந்தார்.

பிரிண்ட்லி மறைந்தபோது அவருடைய பெரிய கால்வாய்கள் பல பாதியிலே நின்றன. ஹேர்காசல் குகை முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய் முடியவில்லை. அந்தத் தலையோடு எவ்வளவு அறிவு மண்ணுக்குள் போயிற்றோ! அவருடைய பணியைக் காப்பாற்றியவர்கள் யார்? அவரிடம் பழகிய ஹென்ஷால், ராபர்ட் விட்வொர்த், சாமுவேல் சிம்காக் போன்றவர்கள். இவர்களிலே விட்வொர்த் படம் வரைவதில் வல்லவர். கையறிவோடு ஏட்டறிவும் சேர்ந்தவர்கள் இருந்ததால் கனவு பிழைத்தது. 1777இல் டிரென்ட் – மெர்சி கால்வாய் முடிந்தது. 1790இல் ஆக்ஸ்ஃபோர்டு வரை படகு சென்றது. நான்கு ஆறுகளும் கைகோத்தன. கனவு கண்டவர் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கல்லறையிலே உறங்கிவிட்டார்.

காலம் யாருக்கும் காத்திருப்பதில்லை. வளைந்து செல்லும் வழி வணிகருக்குப் பொறுக்கவில்லை. 1829 முதல் 1834 வரை ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயின் வடபகுதியை நேராக்கினார்கள். ஏறத்தாழ 14 மைல் குறைந்தது. பிரிண்ட்லியின் வளைவுகள் பல தண்ணீரை இழந்தன, வறண்டன. அவற்றின்மேல் கட்டிய பண்ணைப் பாலங்களிலே சில அப்படியே நின்றுவிட்டன. பிறகு ரயில் வந்தது. கால்வாய்க் கம்பெனிகளை ரயில் கம்பெனிகள் விலைக்கு வாங்கின. டிரென்ட் – மெர்சி கால்வாயே 1846இல் ரயில்காரர் கைக்குப் போயிற்று. அப்புறம் லாரி வந்தது. பல கால்வாய்கள் தூர்ந்தன. மக்கள் மனம் வைத்த இடங்களில் மட்டும் மீண்டும் உயிர் பெற்றன. பிரிண்ட்லி திட்டமிட்ட டிராய்ட்விச் கால்வாய் 1939இல் கைவிடப்பட்டது. தன்னார்வத் தொண்டர்கள் பல்லாண்டு மண்ணள்ளிப் பாடுபட்டதன் பயனாக 2011இல் அதிலே மீண்டும் படகு மிதந்தது.

தோழர்களே, லாபம் தந்தவரை அந்தக் கால்வாய்களை எல்லோரும் கொண்டாடினார்கள். லாபம் நின்றதும் கைவிட்டார்கள். ஆனால் உழவன் அக்கரை போகவேண்டும் என்பதற்காகக் கட்டிய பாலத்திற்கு லாபநட்டக் கணக்கு கிடையாது. படகு போனாலும் போகாவிட்டாலும் மாடு கடந்தது. கம்பெனி இருந்தாலும் மறைந்தாலும் வைக்கோல் வண்டி கடந்தது. பெரியவர்களின் வழிக்காகச் சிறியவனின் வயல் பிளக்கப்படும்போதெல்லாம், பிளந்தவனே பாலம் கட்டித் தரவேண்டும் என்ற நீதிதான் அந்தச் செங்கல்லிலே உறைந்து நிற்கிறது. சாலை போட்டாலும், அணை கட்டினாலும், ஆலை எழுப்பினாலும், எந்நாட்டிலும் எக்காலத்திலும், கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: நிலம் பிளக்கப்பட்டவனுக்குப் பாலம் எங்கே?

பட்டறையிலே சம்மட்டி பிடிக்கும் தோழன், தறியிலே நூல் கோக்கும் தோழன், மண்வெட்டியோடு கரையிலே நிற்கும் தோழன் ஆகிய ஒவ்வொருவரிடமும் நாம் சொல்ல விரும்புவது ஒன்று. உன் கையிலே இருக்கும் அறிவு எந்தப் பட்டத்துக்கும் தாழ்ந்ததல்ல. தலை நிமிர்ந்து நில்! ஆனால் அந்த அறிவு உன்னோடு மண்ணுக்குள் போகவிடாதே. உன் மகனையும் மகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. நீ செய்வதை அவர்கள் எழுதட்டும், வரையட்டும், கணக்கிடட்டும். கூலி பாக்கி எவ்வளவு என்று தாளிலே குறிக்கட்டும். ஒரு ஜேம்ஸ் பிரிண்ட்லி எழுத்தில்லாமலே முந்நூற்று அறுபது மைல் சென்றார். எழுத்தும் கையும் சேர்ந்த ஆயிரம் பிரிண்ட்லிகள் நம் தெருக்களிலே இப்போது மண்ணளைந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே எங்கெங்கே பள்ளம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பாலம் கட்டுவது நம் வேலை!